ஓணானுக்கு ஒரு புள்ளி

ஓய்வுபெற்ற வாத்தியாரைத் தேடி யாராவது வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு டியூஷன் வேண்டும், அல்லது தலைமை தாங்க வர வேண்டியவர் வரவில்லை. 2024இல் எனக்கு மூன்றாவதாக ஒன்று வாய்த்தது. கண்டி நகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒருநாள் செயலமர்வு. விளையாட்டு வழியாகக் காலநிலை மாற்றமும் வனஜீவராசிகளும் படிப்பிக்கப் போகிறார்களாம். நான் வளவாளராம்.

“சேர், நீங்க அந்தக் காலத்து ஆளு. இயற்கையோட வாழ்ந்தவங்க. அந்த அனுபவத்தப் பிள்ளைகளுக்குச் சொன்னாப் போதும்” என்றார் தொலைபேசியில் பேசிய ஒருங்கிணைப்பாளர் பெண். நான் இயற்கையோடு வாழ்ந்தது உண்மைதான். இயற்கை எங்களோடு என்ன பாடுபட்டது என்று அவர் கேட்கவில்லை. போக்குவரத்துச் செலவு தருவதாகச் சொன்னதால் நானும் சொல்லவில்லை.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் குளிர். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கமிருந்து வந்த பிள்ளைகளே கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூமி சூடாவதைப் பற்றிப் படிப்பதற்கு ஏ.சி.யை இந்த அளவுக்குக் கூட்டி வைத்திருக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் பத்தடி பிளெக்ஸ் பேனர். அதில் உருகும் பனிக்கட்டி மேல் ஒரு பனிக்கரடி, கால் வைக்க இடமில்லாமல். முன்வரிசைப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்: “இது எந்த டிவிசன்லடா இருக்கு?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் காலத்தில் மிருகம் என்றால் அதற்கு ஒரு டிவிசன் இருந்தது. முள்ளம்பன்றி மேல் கணக்கில், கபரகொய்யா ஆற்றோரத்தில், கருமந்தி பங்களாவுக்குப் பின்னாலுள்ள மரத்தில். நான் ஹந்தானை அடிவாரத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். எங்களுக்கும் விளையாட்டு இருந்தது, புள்ளிமுறையும் இருந்தது. சாதா ஓணானுக்கு ஒரு புள்ளி. தலை சிவந்த பச்சோணானுக்கு இரண்டு. கபரகொய்யாவின் வாலைத் தொட்டுவிட்டு உயிரோடு ஓடி வந்தால் ஐந்து. அணிலுக்குப் புள்ளி கிடையாது, அது ராமர் முதுகில் தடவிக் கொடுத்த சாதி. ஓணானுக்கு அப்படிச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை.

பிடிக்கிற முறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மானாப்புல்லின் நீண்ட தண்டொன்றைப் பிடுங்கி, நுனியில் கித்துள் நாரால் ஒரு சுருக்குப் போடுவோம். ஓணான் வேலிக்கம்பில் உட்கார்ந்து, யாரோ கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் போடுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். கையை நீட்டினால் ஓடிவிடும், கல்லைக் குனிந்து எடுத்தாலும் ஓடிவிடும். ஆனால் கண்ணுக்கு முன்னால் மெல்ல மெல்ல ஆடிவரும் புல்லை அது ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. சுருக்கு மூக்கைத் தாண்டிக் கழுத்தில் வந்து உட்காரும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ஒரே வெட்டு. உயிரினங்களைக் கூர்ந்து கவனிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த விளையாட்டுத்தான். பின்னாளில் இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தபோதும் அவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை. ஓணான் ஆராய்ச்சி செய்பவர்களும் இதே சுருக்கால்தான் பிடிக்கிறார்கள் என்று பேராதனையில் படித்த பையன் ஒருவன் பிறகு சொன்னான். பிடித்து, அளந்து, நிறுத்து, விட்டுவிடுவார்களாம். எங்களுக்கு அளக்கவும் தோன்றவில்லை, விடவும் தோன்றவில்லை.

டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகு எங்கள் களம் உடவத்தகலை. கண்டி ராசாக்கள் காலத்தில் குடிமக்கள் நுழையக் கூடாதென்று விலக்கி வைத்த காடு அது. வெள்ளைக்காரன் 1856இல் ஒதுக்கிய காடு, 1938இல் சரணாலயமான காடு. மூன்று தடவை சொல்லியும் கேட்காமல் நாங்கள் பின்பக்க வேலியால் நுழைந்தோம். தலதா மாளிகைக்குப் பின்னால், நகரத்தின் நடுவில், சுமார் 104 ஹெக்டேயர் காடு. மழை விட்டதும் உள்ளே போய் அரைமணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, யார் காலில் அதிக அட்டை என்று எண்ணுவோம். வென்றவனுக்கு மற்றவர்கள் இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும். இப்போது அட்டை குடித்த இரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து அந்தக் காட்டில் என்னென்ன மிருகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் என் கெண்டைக்காலில் பாதி உடவத்தகலையின் பதிவேடு தொங்கியிருக்கிறது. நான் அதை லைப்போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

செயலமர்வுக்கு வருவோம். முதலில் நூல் விளையாட்டு. வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் நெஞ்சில் சூரியன், புல், மான், சிறுத்தை, காளான் என்று அட்டை குத்தியிருக்கும். நூல் உருண்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். கடைசியில் எல்லாரும் ஒரே வலையில், ஒருவர் இழுத்தால் எல்லாருக்கும் இழுபடும். ஜோசப் கார்னெல் என்ற அமெரிக்கர் 1979இல் எழுதிய புத்தகத்தோடு உலகமெல்லாம் பரவிய விளையாட்டு இது. இலங்கையில் எந்தச் சுற்றாடல் செயலமர்வும் இது இல்லாமல் தொடங்காது. நல்ல விளையாட்டுத்தான். ஆனால் வலையைப் பின்னப் பத்து நிமிடம், சிக்கெடுக்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம்தான் உண்மையான பாடம் என்று தோன்றியது. நிகழ்ச்சி நிரலில் அதற்குத் தேநீர் இடைவேளை என்று பெயர்.

ஓரத்து மேசையில் வெளிநாட்டுப் பெட்டி விளையாட்டொன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பெயர் ‘டேபிரேக்’. 2023இல் வந்தது. ஆடுபவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வல்லரசாக இருந்து, சேர்ந்து கரியமிலவாயுவைக் குறைக்க வேண்டும். ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லாரும்தான். ஜெர்மனியில் அதற்கு 2024இல் பெரிய விருது கொடுத்தார்கள். நான்கு பேர் வரைதான் ஆடலாம், மண்டபத்திலோ அறுபது பிள்ளைகள். சில்லறைச் சாமான் தொலைந்துவிடும் என்று பெட்டியைத் திறக்க விடவில்லை. உலகம் அன்றைக்கு மேசைமேல் பத்திரமாக இருந்தது.

பிறகு வந்ததுதான் விசேஷம். அமெரிக்கப் பள்ளிகளில் 1980களிலிருந்து ஆடப்படும் மான் விளையாட்டு. இங்கே மானுக்குப் பதில் குரங்கு என்று மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்தைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு. ஒரு பக்கம் 12 பிள்ளைகள் குரங்கு, எதிர்ப்பக்கம் 48 பேர் காடு. இரு பக்கமும் முதுகு காட்டி நின்று ஆளுக்கொரு சைகை எடுக்க வேண்டும். வயிற்றில் கை வைத்தால் சாப்பாடு, வாயில் வைத்தால் தண்ணீர், தலைக்குமேல் கூப்பினால் இருப்பிடம். விசில் அடித்ததும் திரும்பி, தன் சைகைக்குப் பொருந்துகிறவரைக் குரங்கு ஓடிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பிடிபட்டவரும் அடுத்த சுற்றில் குரங்கு. பிடிக்க முடியாத குரங்கு செத்து, மண்ணாகி, காட்டுப் பக்கம் போய்விடும். ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை குரங்கு என்று பலகையில் எழுதிக்கொண்டே வருவார்கள். கூடும், குறையும், கூடும். அதுதான் பாடம்.

இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. அப்போது ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

“மிஸ், நாங்க குப்பையா நிக்கலாமா?”

ஒருங்கிணைப்பாளருக்கு விளங்கவில்லை. சிறுமி விளக்கினாள். அவர்கள் ஊர்ப் பக்கம் குரங்கு காட்டில் சாப்பிடுவதில்லை, குப்பையில்தான் சாப்பிடுகிறது. குப்பைக்குச் சைகை வேண்டும். கையைத் தூக்கி வெறும் லஞ்ச் ஷீட்டை ஆட்டினால், என்ன தேடி வரும் குரங்குக்கும் அது பொருந்த வேண்டும். மிஸ் யோசித்துவிட்டு, சரி, புதிதாக 12 குரங்கிலிருந்து தொடங்கலாம் என்றார்.

முதல் சுற்றில் 12 குரங்கு 24 ஆனது. அடுத்த சுற்றில் 48. மண்டபம் முழுக்கக் குரங்கு, காட்டுப் பக்கம் மிச்சம் 12 பேர். மூன்றாம் விசிலுக்கு 48 பேரும் அந்தப் பன்னிரண்டு பேர்மேல் விழுந்தார்கள். சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்தது. விதிப்படி 36 குரங்கு சாக வேண்டும். முப்பத்தைந்து முணுமுணுத்துக்கொண்டே செத்தன. ஒரு பையன் மட்டும் சாக மாட்டேன் என்று நின்றான்.

“சாப்பாடு கெடைக்கலல்ல, நீ செத்துட்ட தம்பி. அந்தப் பக்கம் போ.”

“இல்லீங்க மிஸ். கொரங்கு பசிச்சாச் சாவாதுங்க. லயத்துக் கூரையப் பிரிக்குங்க.”

சொல்லிவிட்டு, பகல் சாப்பாட்டுப் பார்சல்கள் அடுக்கியிருந்த மேசைப் பக்கம் நடந்தான். இன்னொருவன், “சைனாவுக்கு அனுப்பலாம் மிஸ்” என்று குரல் கொடுத்தான். 2023இல் ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்யும் யோசனை ஒன்று வந்து, வழக்காகி, அடங்கிப் போனது. பெரியவர்கள் மறந்துவிட்டதைப் பிள்ளைகள் மறக்கவில்லை. இந்தச் செங்குரங்கு, சிங்களத்தில் ரிலவா, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். அழியும் ஆபத்தில் உள்ளது என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. தோட்டத்துத் தேங்காய்க்காரனிடம் அந்தப் பட்டியலைக் காட்டிவிட்டு நான் ஓடத் தயாராக இல்லை.

நான் வாத்தியார் வேலையில் கண்ட எந்தப் பாடமும் மூன்று விசிலில் அவ்வளவு தூரம் போனதில்லை. பார்சலைப் பிரித்தபோது உள்ளே லஞ்ச் ஷீட்தான் இருந்தது. அந்தப் பொலித்தீன் 2017 செப்டம்பரிலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டது. சிறுமிக்கு உதாரணம் எங்கிருந்து கிடைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. மேசை அவளுக்கு நேரெதிரே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. ‘மூத்தோர் அனுபவம்’ என்று நிரலில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மேசையில் சிறுத்தை பற்றிய அட்டை விளையாட்டு. அதில் ‘சுருக்குக் கம்பி’ என்று ஓர் அட்டை, எடுத்தவர் இரண்டு சுற்று ஆட முடியாது. சிவப்புக் கோட்டில் வட்டமாக ஏதோ வரைந்திருந்தது. வடையா வளையலா என்று தெரியாத படம். ஒரு பிள்ளை கேட்டது: “சேர், சுருக்குன்னா இது எப்பிடி இறுகும்?”

யாரும் பதில் சொல்லவில்லை. நூல் விளையாட்டில் மிஞ்சிய நூல் என் முன்னால் கிடந்தது. நான் யோசிக்கவில்லை, கை செய்துவிட்டது. ஒரு முடிச்சு, ஒரு கண்ணி, கண்ணிக்குள் நூலின் மறுமுனை. கதிரைக் காலில் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, பேனாவை நுழைத்து இழுத்துக் காட்டினேன். இழுக்க இழுக்க இறுகியது. தளர்த்தினாலும் விடவில்லை. மண்டபம் அமைதியாகிவிட்டது.

“சேர், நீங்க எங்க பழகுனீங்க?”

1974 என்று சொல்லியிருக்கலாம். அந்த வருடம் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் கூப்பனுக்குக்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. ஜனங்கள் பசியில் செத்தார்கள். அப்பா சைக்கிள் பிரேக் கம்பியை அவிழ்த்துக்கொண்டு இருட்டியதும் மேல் கணக்குக்குப் போவார். லாந்தரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். முள்ளம்பன்றி விழுந்தால் லயத்தில் நாலு வீட்டுக்குக் கறி. ஓணான் பிடிக்கும் சுருக்கும் அப்பாவின் சுருக்கும் ஒரே முடிச்சு. ஒன்று விளையாட்டு, மற்றது சோறு. இரண்டையும் அந்த வயதில் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதைச் சொல்லவில்லை. நல்லதண்ணிக் கதையைச் சொன்னேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டத்தில் பன்றிக்கு வைத்த கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. நாட்டில் அபூர்வத்திலும் அபூர்வமானது. மீட்டு, சிகிச்சை கொடுத்தும், மூன்று நாளில் இறந்தது. கம்பி வைத்தவன் சிறுத்தையைத் தேடவில்லை, கம்பி ஆள் பார்ப்பதில்லை என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். கேள்வி கேட்ட பிள்ளை மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாத்தியார்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகளுக்கு எப்படித் தெரிகிறது என்று கல்விக் கல்லூரியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பேச்சை மாற்ற ஆடுபுலி ஆட்டத்துக்குப் போனேன். கோவில் படிக்கட்டில் கரியால் கோடு கிழித்து ஆடியது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை, சுற்றி நின்று புலியை நகர முடியாமல் அடைக்க மட்டும் முடியும். சிங்களவர்களும் இந்த வகை ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள், அவர்களிடம் பெயர் திவியன் கெலிய. திவியா என்றால் சிறுத்தை. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கே இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வந்த தன் நூலில் இலங்கையின் பலகை ஆட்டங்களை எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது என் பேத்தி எழுந்தாள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, எட்டாம் வகுப்பு.

“தாத்தா, அப்போ இதுலயும் புலிய அடைச்சாத்தான் வெற்றியா?”

நேரம் முடிந்துவிட்டது என்று மிஸ் சொன்னார். அவருக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

செயலமர்வு முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சி.ஆர். கொப்பியும், மழைமானி செய்யும் முறையும் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு லீற்றர் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்து, பக்கத்தில் அடிமட்டம் ஒட்ட வேண்டும். காலை எட்டரைக்கு வாசித்துவிட்டுக் கொட்டவேண்டும். கொப்பியின் அட்டையில் மூன்று எண்கள் அச்சிட்டிருந்தார்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் மலைச்சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். பேத்தி போத்தலை எங்கள் வீட்டுக் கூரைக்கு அப்பால் ஒரு கம்பத்தில் கட்டினாள். குரங்கு இரண்டு முறை கழற்றிக்கொண்டு போனது. மூன்றாவது போத்தல் நிலைத்தது.

எனக்கு அது சிரிப்பாக இருந்தது. மழையை நாங்கள் மூக்கால் அளந்தவர்கள். ஹந்தானை உச்சியில் மஞ்சு இறங்கும் விதத்தைப் பார்த்தே கொழுந்து நிறுக்கும் நேரத்தை மாற்றுவார் எங்கள் கங்காணி. மழை வருமா என்று பந்தயம் கட்டி நான் போளை நிறையச் சம்பாதித்திருக்கிறேன்.

2025 நவம்பர் 27. டித்வா புயல். சாயந்தரம் நாலு மணிக்குக் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், “தாத்தா, 150 தாண்டிருச்சு. போவணும்” என்றாள்.

“போ பாப்பா. அறுபது வருசமா இந்த மலையப் பாக்குறேன். எங்கயும் போவாது.”

“மலை போவாது தாத்தா. மண்ணுதான் போவும். நீங்கதானே விஞ்ஞானம் படிச்சுக் குடுத்தீங்க?”

காலையில் வாசிக்க வேண்டியதை இப்போது ஏன் வாசிக்கிறாய், எட்டரை மணி ஆகட்டும் என்று விதி பேசிப் பார்த்தேன். அவள் தன் புத்தகப் பையையும் பாட்டியின் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். பாட்டி செருப்பைப் போட்டாள். தனியாக இருந்து மூக்கால் மழை அளக்க எனக்கும் மனமில்லை. கீழே பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்வேலிதான் சரிந்தது. ஆனால் அந்தப் புயலில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மாவட்டங்களில் அதிகம் பறிகொடுத்தது கண்டி. எங்களுக்குப் பிறகு அந்த மண்டபத்துக்கு வந்தவர்களில் சிலர் தனியாக வந்தார்கள்.

மூன்று நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. மண்டபத்தில் பிள்ளைகள் சோக்கட்டியால் தரையில் கோடு கிழித்து எதையோ ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படிக்க இருந்தது பேத்தியின் சி.ஆர். கொப்பி ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் ஒரு வரி. இடையில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தது. பார்த்ததும் ஞாபகம் வந்தது. 2025 மார்ச் 15, சனிக்கிழமை. அதற்கு முந்தின மாதந்தான் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியிருந்தது. மார்ச்சில், பயிரை அழிக்கும் பிராணிகளைக் கணக்கெடுக்க, காலை 8.00 தொடங்கி 8.05 வரை நாட்டு மக்கள் எல்லாரும் அவரவர் தோட்டத்தில் தெரியும் குரங்கு, மந்தி, மயில், மலை அணில்களை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. இலங்கை சரித்திரத்திலேயே பெரிய விளையாட்டு. இருபத்திரண்டு மில்லியன் ஆட்டக்காரர்கள், ஐந்து நிமிடம், ஒரே விசில்.

நாங்கள் இருவரும் ஏழே முக்காலுக்கே வாசலில் கதிரை போட்டோம். அவள் கையில் தன் அப்பாவின் கைக்கடிகாரம். தினமும் விடிந்ததும் ஈரப்பலா மரத்தில் ஏறி நிற்கும் கூட்டம் அன்றைக்கு இல்லை. எட்டு மணி. ஒரு காகம். காகத்துக்குக் கட்டம் இல்லை. எட்டு மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால், “எங்க பக்கம் வந்தா நாங்க போட்டுக்குறோங்க, நீங்க ரெண்டாந்தடவ போட்றாதீங்க” என்றார். எட்டு ஐந்து. அவள் பேனாவை மூடினாள்.

ஐந்து நிமிடத்தில் நாடு கண்ட செங்குரங்குக் கணக்கு பிற்பாடு 50 இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. எங்கள் பங்கு என்னவென்று அந்தப் பக்கத்தில் நீல மையில் இருக்கிறது. குரங்கு 0, மந்தி 0, மயில் 0, மலை அணில் 0. அதற்குக் கீழே, மண்டபத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு வாசித்தேன், பென்சிலில் சின்னதாக ஒரு வரி:

8.06 – குரங்கு 23. தாத்தா சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை.